ஏழு மில்லிமீட்டர்

அலுவலகத்தில் அவளுக்கு முட்டை மேடம் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. அவள் லிஃப்டில் ஏறும்போது உள்ளே ஓடிக்கொண்டிருந்த பேச்சு சட்டென்று வாயைப் பொத்திக்கொள்ளும், அதிலேயே தெரிந்துவிடும். அவளுக்குக் கோபமில்லை. பக்கத்து அறைக்காரர் காலமெல்லாம் உப்பு விலையை ஆராய்ந்தவர். அவருக்கு உப்பு என்றுகூட யாரும் பெயர் வைக்கவில்லை.

அந்தப் பெயர் வந்த கதை சின்னதுதான். குழந்தைகள் காப்பகங்களில் இரண்டிலிருந்து ஐந்து வயது வரை உள்ள பிள்ளைகளுக்குத் தினம் ஓர் அவித்த முட்டை கொடுத்தால் என்ன ஆகும் என்று பதினோரு வருடத்துக்கு முன்னால் அவள் ஓர் ஆய்வு செய்தாள். சில ஊர்களில் முட்டை கொடுத்தார்கள், சில ஊர்களில் கொடுக்கவில்லை. வருடக் கடைசியில் அளந்து பார்த்தால், முட்டை சாப்பிட்ட பிள்ளைகள் மற்ற பிள்ளைகளைவிட ஏழு மில்லிமீட்டர் கூடுதலாக வளர்ந்திருந்தார்கள். சுண்டுவிரல் நகத்தின் அகலம்கூட வராது. ஆனால் அந்த நகத்தைப் பிடித்துக்கொண்டு அரசாங்கம் நாடு முழுக்க முட்டை கொடுக்க ஆரம்பித்தது. அவளுக்குப் பதவி உயர்வு, மாநாடுகள், ஒரு பதக்கம், ஜன்னல் வைத்த அறை எல்லாம் வந்து சேர்ந்தன. ஏசி போட்ட பிறகு ஜன்னலைத் திருகாணி வைத்து மூடிவிட்டார்கள் என்பது வேறு விஷயம். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில், கையில் முட்டையோடு சிரிக்கும் பிள்ளைகளின் படம். அலுவலகத்துக்கு வெள்ளையடிக்கும்போதெல்லாம் அந்தப் படத்தைக் கழற்றி, அதைவிடப் பெரிதாக ஒன்றை மாட்டினார்கள்.

வேறு எதையாவது ஆராய வேண்டும் என்று வருடா வருடம் நினைப்பாள். பெண்கள் ஒரு நாளில் எவ்வளவு நேரம் நின்றுகொண்டே இருக்கிறார்கள், அது அவர்கள் உடம்பை என்ன செய்கிறது என்று பார்க்க அவளுக்கு ரொம்ப நாளாக ஆசை. விண்ணப்பம் எழுதிக்கொண்டு போனால் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படிப்பார்.

"ரொம்ப நல்லா இருக்கு மேடம். இதை முட்டையோட சேர்த்து எழுதிடுங்களேன்."

"நிக்கறதுக்கும் முட்டைக்கும் என்ன சார் சம்பந்தம்?"

"சம்பந்தத்தை நீங்க பண்ணி வைக்கணும். அதுக்குத்தானே உங்களுக்குச் சம்பளம்."

சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அவளும் சிரித்துக்கொண்டே திரும்பி வருவாள். அறைக்குள் நுழைந்ததும் அந்தப் பிள்ளைகள் எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரிப்பார்கள். சில நாள் கதவை மூடிவிட்டு, நாற்காலியைச் சுவருக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

இந்த வருடம் பணமுடை. அதே காப்பகங்களில் கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் மதியச் சாப்பாடு ஒன்றும் நடந்துகொண்டிருந்தது. முட்டை, சாப்பாடு இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று நிதித்துறை சொல்லிவிட்டது. எதற்குப் பலன் உண்டு என்று நிரூபணம் இருக்கிறதோ அது இருக்கும்.

"முட்டைக்கு உங்க நம்பர் இருக்கு. சாப்பாட்டுக்கு யார்கிட்டயும் நம்பர் இல்லை. கூட்டத்துல நீங்க வந்து ஏழு மில்லிமீட்டரை மட்டும் சொல்லிட்டு வந்தாப் போதும்" என்றார் இயக்குநர். சாப்பாட்டை யாரும் ஆராய்ந்ததில்லை, அதனால்தான் நம்பர் இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அவர் அதற்குள் போனை எடுத்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் சாப்பாடு. தங்கைக்குக் கல்யாணமாகி வெகுநாள் கழித்துப் பிறந்த பையனுக்கு இப்போதுதான் இரண்டு வயது முடிந்திருந்தது. தங்கை தட்டுகளை வைத்துக்கொண்டே புலம்பினாள்.

"அக்கா, நீ சிரிக்கக் கூடாது. போன வாரம் காய்ச்சல்னு கூட்டிட்டுப் போனப்ப அளந்தாங்க. நேத்து தடுப்பூசிக்குப் போனேன், மறுபடி அளந்தாங்க. பிள்ளை உயரம் குறைஞ்சிருக்கு!"

அவளோடு வந்திருந்த அவள் கணவர் பல் டாக்டர். யாராவது வாயைத் திறந்தால் உள்ளே கையை விடாமல் இருக்கத் தெரியாது. "துவைச்சு வெயில்ல காயப் போட்டிருப்ப. பருத்திப் பிள்ளை, சுருங்கிடுச்சு" என்றார்.

"போங்க அத்தான்! ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கமே இல்லை."

"அடி அசடே, பிள்ளை சுருங்கவும் இல்லை, ஒண்ணும் இல்லை" என்றாள் அவள், பையனின் வாயிலிருந்து கரண்டியைப் பிடுங்கிக்கொண்டே. "ரெண்டு வயசு வரைக்கும் பலகையில படுக்க வெச்சு அளப்பாங்க. ரெண்டு முடிஞ்சா கம்பத்துல நிக்க வெச்சு அளப்பாங்க. நிக்கும்போது முதுகெலும்பு கொஞ்சம் அமுங்கும். படுத்தா ஏழு மில்லிமீட்டர் கூடத்தான் வரும். படிக்கிற காலத்துல முதல் பாடமே…"

நிறுத்திவிட்டாள்.

வகுப்பில், பயிற்சியில், எத்தனையோ தடவை சொன்ன வாக்கியம். அவள் வாயிலிருந்தே வந்து அவள் காதில் விழுந்தபோது, யாரோ பின்னாலிருந்து தோளில் கை வைத்த மாதிரி இருந்தது.

"முதல் பாடமே என்ன?" என்றாள் தங்கை.

"ஒண்ணுமில்லை. பிள்ளை நல்லா இருக்கான். சோறு போடு."

திங்கட்கிழமை பழைய களமேற்பார்வையாளருக்குப் போன் செய்தாள். அன்றைக்கு ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளை அளந்த குழுக்களை நடத்தியவர் அவர். இப்போது ஏதோ சர்வே கம்பெனியில் பெரிய ஆள். அந்தக் கடைசி அளவெடுப்புக்கு அவள் போகவில்லை. அடுத்த ஆய்வுக்குப் பணம் கேட்டு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"மேடம்! எத்தனை வருஷமாச்சு! பேப்பர்ல உங்க படம் வந்தா என் வீட்டுக்காரிகிட்ட காட்டுவேன். நாங்க அளந்து குடுத்ததுதான்டி இதுன்னு."

"அந்தக் கடைசிச் சுற்றுல எதை வெச்சு அளந்தீங்க? கம்பமா, பலகையா?"

"அதை ஏன் கேக்கறீங்க. புதுக் கம்பம் பாதிதான் வந்துச்சு, மீதி லாரி ஸ்ட்ரைக்குல மாட்டிக்கிச்சு. வந்ததையெல்லாம் முட்டை இல்லாத ஊருக்கு அனுப்பிட்டோம், அந்த டீம் முதல்ல கிளம்பணும்னு. முட்டை ஊருக்குப் பழைய பலகைதான். அஞ்சு வயசுத் தடியனையெல்லாம் படுக்கப் போட்டு அமுக்கிப் பிடிச்சு அளந்தோம். ஒருத்தன் என் கையைக் கடிச்சே வெச்சுட்டான்." அவர் உரக்கச் சிரித்தார். அவள் சிரிக்காதது கொஞ்சம் தாமதமாக அவருக்கு உறைத்தது. "ஏன் மேடம்? பலகையில அளந்தா கூட வரும்னு எனக்குத் தெரியும். நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. ஆபீஸ்ல கழிச்சிருப்பீங்கன்னு விட்டுட்டேன்."

"ஆமா" என்றாள். "சரி. வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?"

புள்ளியியல் பார்க்கிற அம்மாள் இரண்டு அறை தள்ளி இருந்தாள். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான். யாருக்கும் பயப்படாதவள். அன்றைய கணக்குகளைப் போட்டவளும் அவளேதான்.

"படுக்க வெச்ச அளவுன்னா களத்துலேயே கழிச்சுத்தானே அனுப்புவாங்க? எப்பவும் அப்படித்தானே வரும். நான் எதுக்குத் தொடப்போறேன்?" என்றாள்.

"அவங்க நீங்க கழிப்பீங்கன்னு நெனச்சிருக்காங்க."

அந்த அம்மாள் நாற்காலியைக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பினாள். பிறகு பழைய தரவைத் தேடி எடுத்து, முட்டை ஊர்ப் பிள்ளைகள் ஒவ்வொருவரிடமிருந்தும் ஏழு மில்லிமீட்டரைக் கழித்து, கணக்கை மறுபடி ஓடவிட்டாள். கம்ப்யூட்டருக்கு அது கொட்டாவி விடுகிற நேரம்கூட ஆகவில்லை. முட்டை சாப்பிட்ட பிள்ளைகளும் சாப்பிடாத பிள்ளைகளும் ஒரே உயரம்.

"நாசமாப் போச்சு" என்றாள் அந்த அம்மாள் மெதுவாக.

தன் அறைக்குள் வந்து கதவைச் சாத்தியபோது, அவமானம் வரும் என்று காத்திருந்தாள். வந்தது வேறு. நெஞ்சுக்குள் எங்கோ ஒரு பொத்தான் கழன்ற மாதிரி, மூச்சு அடிவயிறு வரைக்கும் இறங்கியது. இனி இந்த முட்டையைப் பற்றிப் பேச வேண்டாம். இந்தப் படத்தைக் கழற்றிவிடலாம். நிற்கிற பெண்களைப் பற்றி எழுதலாம், அல்லது எதையுமே எழுதாமல் வீட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம். நிம்மதிதான் அது. தெரிந்ததும் அவளுக்குத் திக்கென்றது. உண்மையைச் சொல்ல வேண்டும் என்று துடிக்கிறது எது? உண்மையா, இல்லை இந்த அறையை விட்டு ஓட நினைக்கிற காலா? இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பார்த்தாள். ஒட்டிப்போன இரண்டு காகிதத்தைப் பிரிக்கிற மாதிரி, எதை இழுத்தாலும் மற்றது கிழிந்தது.

ஓடுவதற்கும் வழியில்லை என்பது சாயங்காலத்துக்குள் புரிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால், இல்லாத ஏழு மில்லிமீட்டரின் பேரில் தாய்மார்களின் சாப்பாடு போகும். வாயைத் திறந்தால், இரண்டுக்கும் நிரூபணம் இல்லை என்று இரண்டையும் எடுத்துவிடுவார்கள். முட்டையால் பிள்ளைகளுக்கு நன்மையே இல்லை என்று அவள் கணக்கு சொல்லவில்லை. உயரம் கூடவில்லை என்று மட்டும்தான் சொன்னது. பசி அடங்கியதா, ரத்தம் ஊறியதா, பிள்ளை காப்பகத்தில் தூங்கி விழாமல் இருந்ததா என்பதையெல்லாம் யாரும் அளக்கவில்லை. உயரத்தை அளப்பதுதான் சுலபமாக இருந்தது.

இயக்குநரிடம் போய்ச் சொன்னாள். அவர் எழுந்து கதவைத் தாழிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"நம்ம புள்ளியியல் அம்மாவுக்கு. களத்துல இருந்தவருக்குப் பாதி."

"அப்ப யாருக்கும் தெரியாது." நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "மேடம், உங்களை நம்பி தினம் எத்தனை பிள்ளை முட்டை திங்குது தெரியுமா? உங்க மனசாட்சிக்கு ஒரு நாள் சௌகரியம், அதுங்களுக்கு வாயில மண்ணு. நியாயமா?"

"தாய்மாருங்க சாப்பாடு?"

"அதை நீங்களா நிறுத்தறீங்க? நிதித்துறை நிறுத்துது."

"என் நம்பரைக் காட்டி."

"பார்ப்போம்" என்றார். அவர் பார்ப்போம் என்றால் பார்க்கப்போவதில்லை என்று அர்த்தம். அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

வீட்டில் கணவர் அவள் சொன்னதையெல்லாம் பேசாமல் கேட்டார். அவருக்கு அது அபூர்வம். கடைசியில், "ஆடற பல்லை நாக்கால ஆட்டிக்கிட்டே இருந்தா வலிதான் மிச்சம். பிடுங்கறதுன்னா பிடுங்கிடணும்" என்றார்.

"பிடுங்கினா பக்கத்துப் பல்லும் சேர்ந்து வருங்க."

"அப்ப நல்ல டாக்டரைப் பாரு" என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து, "சரி, சரி. நீ என்ன பண்ணாலும் நான் இருக்கேன்" என்றார். அதைச் சொல்லத்தான் முதலிலிருந்தே வழி தேடிக்கொண்டிருந்தார் என்று தோன்றியது.

கூட்டம் நிதித்துறைக் கட்டடத்தின் மேல் மாடியில். நீள மேஜை, தண்ணீர் பாட்டில்கள், ஒவ்வொருவர் முன்னாலும் பொத்தானை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும் மைக். நிதிச் செயலர் ஒரு பெண்மணி. இருமல் மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, எல்லோரையும் சாப்பிட்டீர்களா என்று விசாரித்தார். கடுமையான முகத்தை எதிர்பார்த்துப் போயிருந்தவளுக்கு அதுவே கஷ்டமாக இருந்தது.

இயக்குநரே எல்லாவற்றையும் பேசி முடித்தார். திரையில் ஏழு மில்லிமீட்டர் பச்சை எழுத்தில் நின்றது. "அவ்வளவுதான் மேடம், ஏதாவது சேர்க்கணுமா?" என்று அவள் பக்கம் திரும்பி, சேர்க்காதே என்று கண்ணால் சொன்னார்.

அவள் பொத்தானை அழுத்தினாள். விளக்கு எரிந்தது.

"அந்த ஏழு மில்லிமீட்டர் முட்டையால வந்தது இல்லைங்க. முட்டை ஊர்ல பிள்ளைங்களைப் படுக்க வெச்சு அளந்திருக்கோம். மத்த ஊர்ல நிக்க வெச்சு அளந்திருக்கோம். படுத்தா அவ்வளவு கூட வரும். கழிக்க விட்டுப்போச்சு. கழிச்சா வித்தியாசம் இல்லை."

மேஜையின் கோடியில் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்த ஒருவர் நிறுத்தினார்.

"அப்ப முட்டைக்கும் நம்பர் இல்லை" என்றார் செயலர்.

"வளர்த்திக்கு இல்லை. மத்ததை நாங்க அளக்கவே இல்லைங்க. அளக்காததை இல்லைன்னு சொல்ல முடியாது."

"இருக்குன்னும் சொல்ல முடியாதே?"

"முடியாது."

செயலர் மிட்டாயை மறு கன்னத்துக்கு மாற்றினார். "நானும் எத்தனையோ வருஷமா இந்த மேஜையில உக்காந்திருக்கேன். தன் கணக்கு தப்புன்னு ஒருத்தரும் சொல்லி நான் கேட்டதில்லை. உண்மையாவே உங்களை மதிக்கிறேன்மா. வேற யாராவது சொல்லியிருந்தா ரெண்டையும் இன்னிக்கே நிறுத்தியிருப்பேன். நீங்க சொன்னதால ஒரு வழி சொல்றேன். உங்க கட்டுரையோட கடைசி வரி என்ன?"

அவளுக்குத் தெரியும். எல்லோருடைய கட்டுரையின் கடைசி வரியும் அதுதான். படிக்கிறவர்கள் யாருமில்லை என்ற தைரியத்தில் எழுதுகிற வரி.

"மேலும் விரிவான ஆய்வு தேவை" என்றாள்.

"செய்யுங்களேன். பாதிக் காப்பகத்துல முட்டை, சாப்பாடு ரெண்டும் நடக்கட்டும். பாதியில ரெண்டும் வேண்டாம். ரெண்டு வருஷம். எந்தப் பாதின்னு நீங்களே குலுக்கிப் போடுங்க, அப்பதான் யாரும் கட்சி கட்ட முடியாது. பசி, ரத்தம், எல்லாத்தையும் அளங்க. எனக்குப் பாதிச் செலவு மிச்சம், உங்களுக்கு உண்மை கிடைக்கும்."

"ஏற்கெனவே கிடைச்சுக்கிட்டு இருக்கறதை நிறுத்திட்டு ஆராய்ச்சி பண்ணக் கூடாதுங்க. புதுசா கொடுக்கறதாயிருந்தா, யாருக்கு முதல்லன்னு குலுக்கலாம்."

"புதுசா கொடுக்க எங்கேம்மா பணம்?" குரலில் கோபமே இல்லை. "வேண்டாம்னா சொல்லிடுங்க. முழுசா நிறுத்திடலாம். அப்ப ஆராய்ச்சி இல்லை, குலுக்கல் இல்லை, உங்களுக்கும் சங்கடம் இல்லை."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ராஜினாமா என்ற வார்த்தை அவள் நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. கூட்டத்துக்கு வரும்போது காரில் அந்த வார்த்தையோடுதான் வந்தாள். இப்போது அதைச் சொன்னால் என்ன நடக்கும் என்பதும் தெளிவாகத் தெரிந்தது. பாதியும் போகும். அவள் தப்பித்துப் போகிற வாசல், காப்பகங்களையெல்லாம் மூடிக்கொண்டு திறக்கிற வாசல்.

"செய்யறேன்" என்றாள்.

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அணைக்க மறந்ததை யாரோ கை நீட்டி அணைத்தார்கள்.

திரும்பி வரும் வழியில் இயக்குநர் உற்சாகமாக இருந்தார். "கெட்டதுலயும் ஒரு நல்லது பாருங்க. ரெண்டு வருஷப் பெரிய ப்ராஜெக்ட். பொறுப்பு நீங்கதான்னு செயலர் குறிப்புல ஏத்திட்டாங்க, மாத்தவும் முடியாது. உங்க அறைக்குப் பக்கத்துல இருக்கற சுவரை இடிச்சுப் பெருசாக்கித் தர்றேன்." அவள் கார் ஜன்னலைத் திறந்தாள். தூசிதான் வந்தது. அதையே இழுத்து மூச்சு விட்டாள்.

குலுக்கல் மறுநாள் மத்தியானம். குலுக்கல் என்று பெயரே தவிர, சீட்டும் இல்லை, குடமும் இல்லை. புள்ளியியல் அம்மாள் எல்லாக் காப்பகங்களையும் திரையில் ஏற்றி வைத்திருந்தாள். பெயரை எடுத்துவிட்டு எண் மட்டும் போடலாமா என்று முதலில் கேட்டவள், பிறகு தானே, "வேண்டாம், யாருன்னு தெரியட்டும்" என்று பெயரோடு வைத்திருந்தாள்.

"ஒரு எண் சொல்லுங்க மேடம். அதை வெச்சுத்தான் குலுக்க ஆரம்பிக்கும். அதே எண்ணைப் போட்டா எப்பவும் அதே மாதிரிதான் விழும். நாளைக்கு யாராவது சந்தேகப்பட்டா போட்டுக் காட்டலாம்."

"நீங்களே ஒண்ணு போடுங்களேன்."

"நான் எதுக்குப் போடணும்? நல்லா இருக்கே! பொறுப்பு உங்களோடது."

வாழ்நாள் முழுக்க எண்களோடு குப்பை கொட்டியவளுக்கு ஓர் எண் வாயில் வரவில்லை. கல்யாண வருடம் வந்தது. வேண்டாம், அது அவளுக்கும் கணவருக்கும் சொந்தம். வீட்டு எண் வந்தது. தினம் அதைப் பார்த்துக்கொண்டு உள்ளே நுழைய வேண்டும். தங்கை பையன் பிறந்த தேதி வந்தது, விரட்டினாள். யாருக்கும் சொந்தமில்லாத எண் ஒன்றைத் தேடினாள். ஒவ்வொரு எண்ணின் வாசலிலும் யாராவது ஒருத்தர் நின்றுகொண்டிருந்தார்கள்.

"எதுவா இருந்தாலும் சரிதான் மேடம். கம்ப்யூட்டருக்கு எல்லாம் ஒண்ணுதான்."

எதிர் மேஜையில் கிடந்த பசை டப்பாவின் அடியில் ஏதோ எண் அச்சடித்திருந்தது. அதைப் படித்தாள். அந்த அம்மாள் தட்டினாள். திரையில் பெயர்கள் ஒரு நொடி துடித்து, இரண்டு பத்தியாகப் பிரிந்து நின்றன. இடது பக்கம் கிடைக்கிறவர்கள். வலது பக்கம் இல்லாதவர்கள்.

வலது பக்கத்தின் முதல் பெயரிலேயே அவள் கண் நின்றுவிட்டது. அவளுக்குத் தெரிந்த இடமொன்றும் இல்லை. தெரியாத ஊரின் தெரியாத காப்பகம். மேலே ஓடு இருக்குமா தகரம் இருக்குமா என்றுகூடத் தெரியாது.

"இன்னொரு தடவை போடலாமா?" என்றாள்.

அந்த அம்மாள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். குரல் வழக்கத்தைவிடத் தணிந்திருந்தது. "போடலாம். வேற பேர் வரும். அப்ப அந்தப் பேரைப் பார்த்துட்டு இன்னொரு தடவைன்னு கேப்பீங்க. முதல்ல விழுந்ததுதான் விழுந்ததுன்னு பயிற்சி வகுப்புல எங்களை மிரட்டினது யாரு மேடம்?"

அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். வலது பக்கப் பத்தியை மேலிருந்து படிக்கத் தொடங்கினாள். படிப்பதால் எதுவும் மாறப்போவதில்லை. கீழே அவள் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது, அது வரைக்கும் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே இறங்கினாள்.